படமும் பெயரும்: தெருவோர இளையோர் குறித்த ஆவண நிழற்படங்களின் மொழி

1. முன்னுரை

ஆவண நிழற்படம் கண்ணால் காண்பதற்கு உரியது என்பர். ஆயினும் இதழிலோ நூலிலோ கண்காட்சிச் சுவரிலோ இடம்பெறும் நிழற்படம் சொல்லின் துணையின்றி வருவது அரிது. படத்தின் கீழ் அமையும் ஓரிரு வரிகள் படத்தில் இருப்பவர் யார், எவ்விடத்தவர், எக்காலத்தில் எடுக்கப்பட்டார் என்பனவற்றை உரைக்கின்றன. படக்குறிப்பு எனப்படும் இவ்வரிகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒளி, நிழல், சட்டக அமைப்பு ஆகியன பற்றி விரிவாக எழுதுவோரும் படக்குறிப்பைச் செய்தியாளரின் வேலை என ஒதுக்கிவிடுகின்றனர்.

வீட்டை விட்டு வெளியேறி நகரத் தெருக்களிலும் இரயில் நிலையங்களிலும் வாழும் பதின்பருவத்தினரைக் குறித்த நிழற்படங்களில் இவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. இவர்தம் இயற்பெயரை அச்சிட்டால், அஃது அவர்களுடைய பிற்காலக் கல்விக்கும் வேலைக்கும் மணவாழ்வுக்கும் தடையாகலாம். அச்சிடாது விட்டால், படத்தில் உள்ள சிறுவன் தனி மனிதனாக அன்றி ஒரு வகையின் மாதிரியாக நின்றுவிடுகிறான். இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கும் வழி படக்குறிப்பின் மொழியில் உள்ளதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதியும் சித்தூரும் இவ்வாய்வின் களமாகக் கொள்ளப்படுகின்றன. சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா வழியாகவும், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகவும் திருப்பதிக்கு இருப்புப்பாதை செல்கிறது. வட தமிழகத்துச் சிறுவன் ஒருவன் வீட்டில் அடி வாங்கிய அன்றே சில மணி நேரத்தில் அங்கு இறங்கிவிட இயலும். எந்நேரமும் கூட்டம் நிறைந்த ஊர் ஆதலின், தனியே வந்த சிறுவனை எவரும் ஐயுற்று நோக்குவதில்லை. 1985ஆம் ஆண்டு திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கப்பட்டது முதல், கையில் காசில்லாதவர்க்கும் அங்கு ஒருவேளை உணவு உண்டு. அவன் பேசும் தமிழும் அவ்வூரின் தெலுங்கும் எதிர்ப்படும் இவ்விடத்தில், அவனை எச்சொல்லால் குறிப்பது என்னும் வினா நடைமுறை வினாவாகவே எழுகிறது.

2. பெயரிட்ட படங்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தெருவோரச் சிறாரை நிழற்படம் எடுக்கும் வழக்கம் நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. இலண்டனில் ஆதரவற்ற சிறார்க்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னாடோ 1870களில் அச்சிறாரை இருமுறை படம் எடுக்கச் செய்தார். கிழிந்த உடையுடன் ஒன்று. இல்லத்தில் சேர்ந்து தொழில் கற்கும் நிலையில் மற்றொன்று. இரண்டையும் இணைத்த அட்டைகள் நன்கொடை திரட்ட விற்கப்பட்டன. சிறாரின் உடையை மேலும் கிழித்து, உள்ள நிலையினும் இழிந்த நிலையில் காட்டினார் என அவர்மீது குற்றம் சாட்டப்பட்டு, 1877இல் நடுவர் விசாரணை நடைபெற்றது. நிழற்படத்தில் உண்மை என்பது யாது என்னும் வினா பொது விசாரணைக்கு வந்த தொடக்கக்கால நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று. இங்குக் கருதத்தக்கது யாதெனில், படம் ஒன்றே ஆயினும் ‘முன்’, ‘பின்’ என்னும் இரு சொற்களே அதற்குப் பொருள் தந்தன என்பதாம்.

நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் 1890இல் வெளியிட்ட நூல் வறியோர் குடியிருப்புகளைப் பரந்த வாசகர்க்குக் காட்டியது. படிக்கட்டின் அடியிலும் சுவர் மூலையிலும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கும் சிறுவர்களின் படங்கள் அவருடைய பணியில் புகழ்பெற்றவை. அவற்றுட் சில, உறங்குவதுபோல் இருக்கச் செய்து எடுக்கப்பட்டவை எனப் பிற்கால ஆய்வாளர் கருதுவர். அச்சிறுவரைக் குறிக்க அவர் ‘தெரு அராபியர்’ என்னும் அக்கால வழக்கை ஆண்டார். நிலையான இருப்பிடம் இன்றி அலைபவர் என்னும் கருத்தில், தொலைவில் உள்ள ஓர் இனத்தின் பெயர் உள்ளூர்ச் சிறுவன்மேல் ஏற்றப்பட்டது. அவன் அந்நகரின் மகன் அல்லன் என்பதை அச்சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

இவர்களினின்றும் வேறுபட்டவர் லூயிஸ் ஹைன். 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தெருக்களிலும் பணிபுரிந்த சிறாரைப் படம் எடுத்த அவர், படத்திற்கு ஈடான கவனத்தைக் குறிப்புக்கும் அளித்தார். பெயர், வயது, ஊர், தொழில், பணி நேரம் ஆகியவற்றை அவ்வப்போதே எழுதிக்கொண்டார். ஆலை மேலாளர் அறியாவண்ணம், தம் மேற்சட்டையின் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு சிறாரின் உயரத்தைக் கணக்கிட்டார் என்பது அவரைப் பற்றிய நன்கறியப்பட்ட செய்தி. ஹைனின் குறிப்புகளில் சிறுவனின் இயற்பெயர் சான்றாகப் பயன்பட்டது. குழந்தைத் தொழிலாளர் இல்லை என மறுத்தவர்க்கு, இன்ன பெயருடைய சிறுவன் இன்ன ஆலையில் இருக்கிறான் எனக் காட்ட அது தேவைப்பட்டது. பெயரிடல் சிறுவனுக்கு நன்மை பயத்த சூழல் இது. அதே பெயரிடல், களவு, போதை, பாலியல் சுரண்டல் ஆகியவற்றில் சிக்கிய பதின்பருவத்தினர் திறத்தில் நன்மை பயக்கும் எனக் கொள்வதற்கில்லை.

3. சட்டத்தின் சொற்கள்

இந்தியாவில் சிறார்க்கெனத் தனிச்சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னை. 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டம் அது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்தில் இருந்தமையால், திருப்பதியும் அச்சட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறியபோதும், சிறார் சட்டங்களின் வரலாறு இருபுறத்தார்க்கும் ஒரே வேரினின்று தோன்றியதே.

இச்சட்டங்களில் சிறாரைக் குறிக்கும் சொற்கள் மாறிவந்த முறை மொழியியலார்க்கு ஆர்வம் ஊட்டுவது. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ‘நெறிபிறழ்ந்த சிறார்’, ‘புறக்கணிக்கப்பட்ட சிறார்’ என இரு வகை கண்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் முன்னதைச் ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ எனவும், பின்னதைக் ‘கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ எனவும் மாற்றியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘சிறார்’ என்பதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லையும் பெருமளவு விலக்கி, ‘குழந்தை’ என்பதற்குரிய சொல்லையே இரண்டிடத்தும் ஆள்கிறது. பிறழ்ச்சி என்பது ஒருவனுடைய இயல்பைச் சுட்டும். முரண்பாடு என்பது அவனுக்கும் பிறிதொன்றுக்கும் இடைப்பட்ட நிலையைச் சுட்டும். இயல்பு மாறாது எனக் கருதப்படுவது, நிலை மாறக்கூடியது. சொல்மாற்றத்தின் பயன் இதுவே.

மேலும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அச்சட்டம் பின்பற்ற வேண்டிய கோட்பாடுகளை வரிசைப்படுத்துங்கால், இழிவு சுமத்தாத சொற்பொருள் என்பதனையும் ஒரு கோட்பாடாக வைக்கிறது. குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் தன்மையுடைய சொற்களைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் கருத்து. சொற்பொருளியலைச் சட்டக் கோட்பாடாக ஏற்ற அரிய இடம் இது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, இத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றையோ, அடையாளம் காட்டக்கூடிய பிற விவரத்தையோ, படத்தையோ ஊடகங்கள் வெளியிடுதலைத் தடை செய்கிறது. மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தையின் நலன் கருதி வெளியிடுவது நன்று எனச் சிறார் நீதி வாரியமோ குழந்தைகள் நலக் குழுவோ எழுத்து வடிவில் காரணம் காட்டி இசைவளித்தால் மட்டும் விலக்கு உண்டு.

இவ்விரு பிரிவுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் இடைவெளி புலப்படும். எதனைச் சொல்லலாகாது எனச் சட்டம் தெளிவாக வரையறுக்கிறது. அச்சொல் நீங்கிய இடத்தில் எதனைச் சொல்லலாம் என்பதை அது உரைப்பதில்லை. அவ்விடத்தை நிரப்புவது படக்குறிப்பு எழுதுவோரின் பொறுப்பாகிறது.

4. படர்க்கைப் படங்கள்

நாளிதழ்களில் சிறார் மீட்பு பற்றிய செய்திகளுடன் வெளிவரும் படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புடையவை. அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் வரிசையாக நிற்பர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறாரின் முகங்கள் மட்டும் மங்கலாக்கப்பட்டிருக்கும். சட்டம் பின்பற்றப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தெளிவான முகமும் இயற்பெயரும் உடையவர் மீட்டவர் மட்டுமே ஆதலின், படம் மீட்டவரைப் பற்றியதாகிவிடுகிறது. படக்குறிப்பின் இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. ‘மீட்கப்பட்ட’, ‘கைவிடப்பட்ட’, ‘ஒப்படைக்கப்பட்ட’ எனச் செயப்பாட்டுப் பெயரெச்சங்களே சிறார்க்கு அடையாகின்றன. வீட்டை விட்டு வெளியேறத் துணிந்து, இரயில் ஏறி, ஊர் தேடி, உணவு தேடிய ஒருவன், இவ்வாக்கியங்களில் எவ்வினைக்கும் எழுவாயாவதில்லை.

இதழ்ப்படங்களினும் ஆழ்ந்த முயற்சிகளில் நிலைமை வேறு. மேரி எலன் மார்க், 1983இல் லைஃப் இதழுக்காக அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வீடு நீங்கிய பதின்பருவத்தினரைப் படம் எடுத்தார். கட்டுரையை எழுதியவர் ஷெரில் மக்கால். அதன் தொடர்ச்சியாக, மார்க்கின் கணவர் மார்ட்டின் பெல் 1984இல் ‘ஸ்ட்ரீட்வைஸ்’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். 1988இல் நூலும் வெளிவந்தது. இத்தொகுப்பின் படங்களுள் ஒன்றில் இரு சிறுவர் நிற்கின்றனர்; ஒருவன் கையில் துப்பாக்கி உள்ளது. மற்றொன்றில் கறுப்பு உடையும் முகத்திரையிட்ட தொப்பியும் அணிந்த சிறுமி, கைகளை உடலோடு சேர்த்துக்கொண்டு நிற்கிறாள். பெரியவளாகத் தோன்ற முயலும் உடையும் குழந்தைமை நீங்காத உடற்கட்டும் ஒன்றோடொன்று இணங்காமையே அப்படத்தின் ஆற்றல்.

இப்படங்களின் குறிப்புகள் பொதுப்பெயர்களை விலக்குகின்றன. ‘டைனி’, ‘ராட்’ எனத் தெருவில் வழங்கிய பெயர்களே அவற்றில் உள்ளன. ‘சின்னஞ்சிறியவள்’, ‘எலி’ என்பன இவற்றின் பொருள். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல, தோழரிடையே வழங்கியவை. அறிந்தவர்க்கு ஆளைக் காட்டி, அறியாதவர்க்கு ஆளை மறைக்கும் இரட்டைத் தன்மை தெருப்பெயர்க்கு உண்டு. பெயரைச் சொல்லுதல், சொல்லாமை என்னும் இருநிலைக்கு இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்பதை மார்க்கின் குறிப்புகள் காட்டுகின்றன.

எனினும் முகம் மறைக்கப்படவில்லை. டைனி எனப்பட்ட சிறுமியை மார்க் முப்பது ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து படம் எடுத்தார். அவரைப் பற்றிய தனி நூல், மார்க் மறைந்த 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீண்டகாலத் தொடர்பு என்பது ஆவண நிழற்படத்தில் அரியது, போற்றத்தக்கது. ஆனால் 13 வயதில் எடுக்கப்பட்ட படம், அவர் தாயாகி நடுவயதை அடைந்த பின்னும் அவருக்கு முன்னே சென்று அவரை அறிமுகப்படுத்தியது என்பதும் மறுக்கவியலாதது. இதே நிழற்படக்காரர் பம்பாயின் ஃபாக்லண்ட் சாலையில் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களை எடுத்த வண்ணப்படங்கள் 1981இல் நூலாயின. அவருட் சிலர் பதின்பருவத்தினர். இன்றைய இந்தியச் சட்டத்தின்படி அவர்தம் படங்களை அடையாளம் தோன்ற அச்சிடல் இயலாது. கலைச்சிறப்பு இதற்கு விடையாகாது.

5. தன்மைப் படங்கள்

ஜிம் கோல்ட்பர்க் 1985 முதல் பத்தாண்டுகள் சான்ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் தெருவோர இளையோருடன் பழகி, 1995இல் ‘ரெய்ஸ்ட் பை உல்வ்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். ‘ஓநாய்கள் வளர்த்தவர்’ என்பது அத்தலைப்பின் பொருள். நிழற்படங்களுடன் அவ்விளையோரின் கையெழுத்துக் குறிப்புகள், உரையாடற் பதிவுகள், கண்டெடுத்த பொருள்கள், பழைய குடும்பப் படங்கள் ஆகியனவும் அதில் இடம்பெற்றன. படத்தில் இருப்பவரே படத்தின்மேல் எழுதும் முறையை அவர் 1985இல் வெளியிட்ட முந்தைய நூலிலேயே கையாண்டிருந்தார்.

இம்முறையால் படக்குறிப்பு படர்க்கையினின்று தன்மைக்கு மாறுகிறது. ‘இவன்’ என்பது ‘நான்’ ஆகிறது. எழுத்துப்பிழையும் வரி கோணலும் அப்படியே அச்சாவதால், எழுதியவரின் கல்வியும் கையும் வாசகர்க்குத் தெரிகின்றன. தன்மைக்கூற்று என்பதனாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது என்பதும் கருதத்தக்கது. அந்நூலின் முதன்மை மாந்தருள் ஒருவனாகிய இளைஞன் தன் குடும்பத்தைப் பற்றிக் கூறியவற்றுள் புனைவு கலந்திருந்தமை நூலிலேயே புலப்படுகிறது. கோல்ட்பர்க் அதனைத் திருத்தி மறைக்கவில்லை. தன்னைப் பற்றி ஒருவன் விரும்பிக் கட்டிய கதையும் அவனைப் பற்றிய ஆவணமே எனக் கொண்டார். செய்தியை மட்டும் தேடும் படக்குறிப்பால் எட்டவியலாத இடம் இது.

இந்தியாவில் இம்மாற்றம் பிறிதொரு வழியில் நிகழ்ந்தது. மேற்கு வங்கத்தின் புருலியாவைச் சேர்ந்த விக்கி ராய், 1999இல் 11 வயதில் வீட்டை விட்டு ஓடிப் புதுதில்லி இரயில் நிலையத்தை அடைந்தார். அங்குக் குப்பை பொறுக்கியும், பின்னர் உணவகத்தில் பாத்திரம் துலக்கியும் வாழ்ந்த அவர் சலாம் பாலக் அறக்கட்டளையின் காப்பகத்தில் சேர்ந்தார். மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ திரைப்படத்தைத் தொடர்ந்து 1988இல் தோன்றிய அமைப்பு அது. அங்கு வந்த வெளிநாட்டு நிழற்படக்காரர் ஒருவரின் வாயிலாக இக்கலையில் ஈடுபாடு கொண்டு, பின்னர் அனய் மன் என்னும் நிழற்படக்காரரிடம் உதவியாளராகப் பயின்றார். 2007இல் ‘ஸ்ட்ரீட் ட்ரீம்ஸ்’ என்னும் அவருடைய முதல் தனிக்கண்காட்சி தில்லியில் நடைபெற்றது. காப்பகத்து வாழ்வைக் காட்டும் ‘ஹோம் ஸ்ட்ரீட் ஹோம்’ என்னும் நூல் 2013இல் வெளிவந்தது.

இந்நூற்பெயர் தனியே நோக்கற்குரியது. ‘வீடு, தெரு, வீடு’ என மூன்று பெயர்ச்சொற்கள், வினை இல்லை. இரு வீடுகளுக்கு நடுவே தெரு நிற்கிறது. முதல் வீடு விட்டு வந்தது. இறுதி வீடு காப்பகம். தெருவை வாழ்வின் முடிவாக அன்றி இடைநிலையாக வைக்கும் இவ்வரிசை, ‘தெருவோரச் சிறுவன்’ என்னும் தொகைச்சொல் செய்யாத ஒன்றைச் செய்கிறது. தொகைச்சொல்லில் தெரு சிறுவனுக்கு நிலையான அடையாகிவிடும். இப்பெயரிலோ அது கடந்து செல்லும் இடமாகிறது. காப்பகத்தில் வாழ்ந்து வெளியேறிய ஒருவரே இவ்வரிசையை அமைத்தார் என்பது எண்ணத்தக்கது. தம் இளமைப் பெயரை வெளியிடுவதா எனத் தீர்மானிக்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. அவர் வளர்ந்த பின் வெளியிட்டார். தமிழகத்தில் எம். பழனிகுமார் போன்ற நிழற்படக்காரர்கள் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு நிழற்படக் கலை பயிற்றுவிப்பதும் இவ்வகையில் மதிப்பிடத்தக்கது.

ஆயினும் தெருவில் வாழ்ந்தவர் எல்லாரும் நிழற்படக்காரர் ஆவதில்லை. விக்கி ராய் ஒருவரின் வெற்றியைக் காட்டிப் பிறருடைய நிலையை மறப்பதற்கில்லை. படம் எடுப்பவர் வெளியாராகவே இருக்கும் பெரும்பான்மைச் சூழலில், வெளியார் எழுதும் படக்குறிப்பு எவ்வாறு அமையலாம் என்பதே எஞ்சும் வினா.

6. ‘ஓடிப்போனவன்’, ‘ஓடிவந்தவன்’

இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு ஒரு விடையைத் தருகிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைப்பொருள்களைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் மூவிடத்தோடு பொருத்துகிறது. வரவும் தரவும் தன்மை, முன்னிலை ஆகிய இரண்டற்கும் உரியன. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன. ஒரே இயக்கத்தைப் பேசுவோன் தான் நிற்கும் இடத்தைக் கொண்டே ‘வருகிறான்’ என்றோ ‘போகிறான்’ என்றோ கூறுகிறான். இக்கால மொழியியலார் சுட்டு நிலை எனக் குறிக்கும் கருத்து இது.

காணாமற்போன சிறுவனைக் குறித்துத் தமிழில் வழங்குவது ‘ஓடிப்போனவன்’ என்னும் சொல். வீட்டில் நின்று நோக்கும் சொல் அது. திருப்பதி இரயில் நிலையத்தில் அவனைக் காண்பவர்க்கு அவன் ‘ஓடிவந்தவன்’. இரண்டும் ஒரே சிறுவனையும் ஒரே செயலையும் குறிப்பனவே. முன்னதில் இழப்பும் பழியும் தொனிக்கின்றன. பின்னதில், வந்த இடத்தார்க்கு அவன்பால் உள்ள கடப்பாடு தோன்றுகிறது. வந்தவனுக்கு நீர் தருதலும் உணவு தருதலும் நம் வழக்கு. அவ்வூர்த் தெலுங்கோ ‘பாரிபோயி வச்சின’ என இரண்டையும் இணைத்துக் கூறவல்லது. பாரிபோதல் தப்பியோடுதல், வச்சின என்பது ‘வந்த’ என்னும் பொருளது. தப்பிப்போய் வந்தவன் என்னும் அத்தொடரில் வீட்டாரின் நோக்கும் ஊராரின் நோக்கும் ஒருங்கே இடம்பெறுகின்றன.

‘தெரு’ என்னும் சொல்லும் இருமொழிக்கும் பொதுவான வேருடையது. தமிழில் அது வீடுகள் வரிசையாக அமைந்த வழி. தெலுங்கில் ‘தெருவு’ என்பது வழி, பாதை என்னும் பொதுப்பொருளில் நின்று, ‘பதுகுதெருவு’ என்னும் தொகையில் பிழைப்புக்கான வழியைக் குறிக்கிறது. ஆனால் தெலுங்குச் செய்தி வழக்கில் இச்சிறாரைக் குறிப்பது ‘வீதி பாலலு’ என்னும் வடசொற்றொடர். பிழைப்புப் பொருளை உள்ளடக்கிய நாட்டுச்சொல் இருக்கவும், அப்பொருள் நீங்கிய சொல்லே அச்சேறுகிறது. நிலையத்தில் தண்ணீர்ப் புட்டி பொறுக்கும் சிறுவன் தெருவில் கிடப்பவனாகக் காட்டப்படுகிறான். தெருவில் பிழைப்பவனாக அல்லன். படத்தில் அவன் கையிலுள்ள சாக்குப்பை ஒன்றைச் சொல்ல, குறிப்பு மற்றொன்றைச் சொல்கிறது.

பதின்பருவத்தைக் குறிக்கும் சொற்களின் நிலையும் இத்தகையதே. சங்கப் பாலைப் பாடல்களில் ‘விடலை’ என்பது வேலேந்திக் காதலியுடன் சுரம் கடக்கும் இளைஞனைக் குறித்த பெருமைச்சொல். இன்று ‘விடலைப் பையன்’ என்பது பொறுப்பற்றவன் என்னும் பொருளில் வழங்குகிறது. சொல் இழிபொருள் அடைந்த வரலாறு, அப்பருவத்தாரைச் சமூகம் நோக்கும் முறை மாறிய வரலாறும் ஆகும். இதற்கு மாறாக முறைப்பெயர்கள் தம் மதிப்பை இழக்கவில்லை. சித்தூர், திருப்பதிக் கடைத்தெருக்களில் பெயர் அறியாச் சிறுவனைத் ‘தம்பி’, ‘தம்முடு’, ‘பாபு’ என்று விளிப்போரும் உளர். ‘டேய்’, ‘ஒரேய்’ என்போரும் உளர். இருவகை விளிக்கும் அவன் காட்டும் முகம் ஒன்றாக இராது. நிழற்படக்காரர் எவ்வாறு விளித்தார் என்பது படத்தின் முகத்திலேயே பதிந்துவிடுகிறது.

திருப்பதியில் நிழற்படம் இருவேறு பணிகளைச் செய்வதும் இங்கு நினைவுகூரத்தக்கது. முடி காணிக்கை செலுத்திய குழந்தையை நடுவில் நிறுத்திக் குடும்பத்தார் எடுத்துக்கொள்ளும் படம் ஒன்று. அதற்குக் குறிப்பே வேண்டா. சூழ நிற்கும் உறவினரே குறிப்பு. மற்றொன்று காணாமற்போனோர் அறிவிப்பில் உள்ள படம். பெயர், வயது, உயரம், நிறம், உடுத்திய உடை, பேசும் மொழி என அதன் குறிப்பு நீள்கிறது. உறவினர் இல்லாத படத்திற்கே சொற்கள் மிகுதியும் தேவைப்படுகின்றன. இவ்வறிவிப்பில் ‘பேசும் மொழி’ இடம்பெறுவதும், ஆவண நிழற்படக் குறிப்புகளில் அது பெரும்பாலும் இடம்பெறாமையும் ஒப்பு நோக்கத்தக்கன. எல்லைப்புற ஊரில் தமிழ் மட்டும் அறிந்த சிறுவன், தெலுங்கில் கேட்கும் காவலர்க்கு விடை கூறாது நின்றால், அம்மௌனம் திமிராகவோ அறிவின்மையாகவோ பொருள் கொள்ளப்படலாம். படமும் அம்மௌனத்தையே காட்டும்; மொழி தெரியாமையைக் காட்டாது. குறிப்பு மட்டுமே அதனை உரைக்கவல்லது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. தெருவோர இளையோர் குறித்த நிழற்படத்தில், முகத்தையும் இயற்பெயரையும் வெளியிடாதிருத்தல் சட்டத்தின் கட்டளை. அஃது அறத்திற்கும் ஏற்றதே. ஆனால் அடையாளம் வேறு, ஆளுமை வேறு. அடையாளத்தை மறைத்த பின்னும் ஆளுமையைக் காட்ட மொழியில் இடம் உண்டு. சிறுவனே தேர்ந்த ஒரு புனைபெயர். அவனை எழுவாயாகக் கொண்ட செய்வினை வாக்கியம். அவன் பேசும் மொழி பற்றிய குறிப்பு. இயலுமாயின் அவன் கூற்று, அவன் மொழியிலேயே. இந்நான்கும் சட்டத்திற்கு மாறானவை அல்ல. ஊர், பள்ளி முதலிய விவரங்களுடன் சேர்ந்து ஆளைக் காட்டிவிடாதவாறு இவற்றைக் கையாளுதல் வேண்டும்.

முகமின்றி நிழற்படம் உண்டோ என வினவலாம். கைகள், உடைமைகள், உறங்கும் இடம், நடைமேடையில் அவன் அமர்ந்து எழுந்த இடம் ஆகியவற்றைக் கொண்டும் படம் அமைக்க இயலும். கோல்ட்பர்க்கின் நூலில் கையெழுத்தும் பழம்பொருளும் முகத்திற்கு நிகரான இடம் பெற்றமை இதற்குச் சான்று. முகத்தை எடுத்துப் பின் மங்கலாக்குவதினும், மங்கலாக்க வேண்டாத ஒன்றை முதலிலேயே தேடி எடுத்தல் கலைக்கும் நன்று, சிறுவனுக்கும் நன்று.

நிழற்படம் பயிற்றும் நிறுவனங்களில் ஒளியும் வில்லையும் கற்பிக்கப்படும் அளவிற்குப் படக்குறிப்பின் மொழி கற்பிக்கப்படுவதில்லை. செய்தித்தாள் அலுவலகங்களில் அப்பணி பெரும்பாலும் படத்தில் உள்ளவரைக் காணாத ஒருவரிடம் இரவு நேரத்தில் ஒப்படைக்கப்படுகிறது. ‘மீட்கப்பட்ட’ என்பதற்கு மாற்றாக ‘காட்பாடியில் இரயில் ஏறி வந்த, தமிழ் பேசும்’ என எழுதுவதற்கு மிகையான இடம் வேண்டுவதில்லை. எடுத்தவர் கேட்டறிந்து வந்திருத்தல் வேண்டும். அவ்வாறு கேட்டல் ஒன்றே படம் எடுப்பவரையும் எடுக்கப்படுபவரையும் தன்மை முன்னிலை உறவில் நிறுத்துவது. படக்குறிப்பு அவ்வுறவின் எழுத்துச் சான்றாக அமையுமாயின், பெயர் இல்லாப் படமும் ஆளில்லாப் படம் ஆகாது.